வன்னி வளவில் பாவட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் இருக்கும் சித்தியோ மாமாவோ அனுப்பும் அசேலியாப் பூச்செடியின் படங்களைப் பார்த்துவிட்டு, “இது எங்கட பக்கம் வராதோ?” என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் பதில் பாவட்டை. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் என்று வன்னி முழுக்கக் காட்டோரங்களில் தானாக நிற்கும் செடி. பூ வெள்ளை, மணம் அருமை, காசு ஒன்றும் இல்லை. வயலுக்குத் தாழ்க்கும் குழையாகவும் மருந்தாகவும் அதை அறிந்தவர்கள் நிறையப் பேர். பூஞ்செடியாக முற்றத்தில் வைத்தவர்கள் குறைவு. பலரும் கேட்ட கேள்விகளைச் செடி வளரும் ஒழுங்கில் கீழே தந்திருக்கிறேன்.

அசேலியாவை வன்னியில் வளர்க்கவே முடியாதா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அசேலியா ரொடொடென்ட்ரன் இனத்தைச் சேர்ந்தது. அதில் நன்றாக மணக்கும் காட்டு வகைகள் பல வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் பிறந்தவை. பனிக்காலத்தில் இலையை உதிர்த்து, பல வாரம் குளிரில் உறங்கி எழுந்தால்தான் அவற்றின் மொட்டு ஒழுங்காக விரியும். அந்தக் குளிருக்கு நாம் எங்கே போவது? மண்ணும் புளிப்பாக இருக்க வேண்டும், அதாவது பி.எச். அளவு 4.5 முதல் 6 வரை. வன்னியில் பல கிணறுகளின் தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற மண்ணின் புளிப்புப் போய்விடும். பிறகு செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலையின் மிச்சப் பகுதி மஞ்சளாகிவிடும்.

இலங்கைக்கென்றும் ஒரு ரொடொடென்ட்ரன் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாவைச் சுற்றிய உயர்ந்த மலைகளிலும் சிவப்பாகப் பூத்து நிற்கும் மரம் அது. பார்க்க அழகு, ஆனால் மணத்துக்காக யாரும் அதைத் தேடிப் போவதில்லை. அதுவும் மலைக் குளிரில் வாழும் மரம்தான்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து கன்றையோ தடியையோ பயணப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்னனுமதி இல்லாமல் உயிருள்ள செடியை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பிடித்தால் எரித்துவிடுவார்கள், செடியும் போய் மரியாதையும் போகும்.

மணத்துக்கு மல்லிகை போதாதா? ஏன் பாவட்டை?

மல்லிகை இருக்கட்டும், அதை யார் வேண்டாம் என்றது? ஆனால் மல்லிகைக்குத் தண்ணீர் வேண்டும், கவாத்து வேண்டும், கவனம் தவறினால் பூ நின்றுவிடும். ஆடி ஆவணியில் கிணறு வற்றும் ஊரில் மிளகாய்க்கும் கத்தரிக்கும் இறைத்து மிஞ்சிய தண்ணீர்தான் பூஞ்செடிக்கு. பாவட்டை, பாலை, வீரை, முதிரை மரங்கள் நிற்கும் வறண்ட காட்டில் அவற்றின் நிழலோரம் வளர்ந்து பழகியது. வேர் பிடித்துவிட்டால் நீங்கள் வாளியோடு பின்னால் போகத் தேவையில்லை.

குறையும் சொல்ல வேண்டும். பாவட்டை ஆண்டு முழுக்கப் பூக்காது. பூவை ஆய்ந்து மாலை கட்டவும் உதவாது, சீக்கிரம் உதிர்ந்துவிடும். தலையில் வைக்கப் பூ வேண்டுமென்றால் மல்லிகைப் பந்தலை விட்டுவிடாதீர்கள்.

எது பாவட்டை என்று எப்படி அடையாளம் காண்பது? வெட்சியும் அப்படித்தானே இருக்கும்?

இரண்டும் கோப்பிக் குடும்பத்துச் செடிகள். நான்கு இதழ், மெல்லிய குழல், கொத்துக் கொத்தான பூ என்று தூரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். சிவப்பு வெட்சியோடு குழப்பம் வராது. வெள்ளைப் பூப் பூக்கும் காட்டு வெட்சி ஒன்று இருக்கிறது, அதுவும் மணக்கும், குழப்பம் அங்கேதான்.

முதலில் ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பாவட்டை இலையில் கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், சில சற்றுத் தடித்தும் இருக்கும். வெட்சி இலையில் அவை இல்லை. அடுத்ததாகப் பூவின் நடுவிலிருந்து வெளியே நீளும் நூலைப் பாருங்கள். பாவட்டையில் அது இதழைத் தாண்டி வெகுதூரம் நீண்டு நிற்கும், கொத்து முழுவதும் ஊசி குத்தி வைத்த மாதிரித் தெரியும். வெட்சியில் அது குட்டை, நுனியும் இரண்டாகப் பிரிந்திருக்கும். பாவட்டையில் நுனி பிரியாது.

செடி வழக்கமாக ஆறு முதல் பத்தடி உயரம் வரும். இலைகள் எதிரெதிராக இருக்கும். காய் பச்சை, பழுத்தால் கறுப்பு, பயறை விடக் கொஞ்சம் பெரிது. தாவரவியல் பெயர் பவெட்டா இண்டிகா. நாற்றுமேடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பதை விடப் பாவட்டை என்று கேட்பதே நல்லது.

எப்போது பூக்கும்? எப்போது மணக்கும்?

பங்குனி தொடங்கி வைகாசி வரையான காலத்தை எதிர்பாருங்கள். சித்திரையில் இடியோடு ஒரு மழை விழுந்தால் அதை ஒட்டி நன்றாகக் கொட்டும். பிந்தி வரும் செடிகளும் உண்டு. இடமும் மழையும் மாற, மாதமும் கொஞ்சம் முன்பின்னாகும்.

பகலிலும் கிட்டப் போனால் மணம் தெரியும். ஆனால் பொழுது பட்ட பிறகுதான் அது பரவத் தொடங்கும். வெள்ளை நிறம், நீண்ட ஒடுங்கிய குழல், இரவு மணம் மூன்றும் சேர்ந்தால் அது அந்துப்பூச்சியை அழைக்கும் பூ என்று பொதுவாகச் சொல்லலாம். பகலில் வண்ணத்துப்பூச்சிகளும் விடுவதில்லை. அதனால் செடியை நடுமுன் ஒன்றை யோசியுங்கள்: பின்னேரம் நீங்கள் கதிரை போட்டு இருக்கும் பக்கம் எது? அந்தப் பக்கம் நடுங்கள். வேலி மூலையில் நட்டுவிட்டு மணம் வரவில்லை என்று சொல்லக்கூடாது.

அந்த நீண்ட நூலைப் பற்றி ஒரு சுவையான விசயம். மொட்டு விரியுமுன்பே மகரந்தப் பைகள் வெடித்து, தங்கள் தூளை அந்த நூலின் நுனியில் பூசிவிடுகின்றன. பூ விரிந்ததும் நூல் நீண்டு, பூச்சியின் முகத்தில் மகரந்தத்தைத் தொட்டுவிடுகிறது. தூள் போன பிறகுதான் அதே நுனி, வேறு பூவிலிருந்து வரும் மகரந்தத்தை ஏற்கும் நிலைக்கு வரும். ஒரு பூக்கொத்தை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

காட்டில் ஒரு கன்றைத் தோண்டி எடுத்து வந்தால் வேலை முடிந்துவிடுமே?

வேண்டாம். ஒதுக்குக் காடுகள் வனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கின்றன, அங்கிருந்து செடியைக் கிளப்புவது குற்றம். சட்டத்தை விட்டாலும், காட்டுக் கன்றின் வேர் கல்லுக்கும் மற்ற மரவேர்களுக்கும் நடுவே ஆழமாக இறங்கியிருக்கும். அலவாங்கு போட்டுக் கிளப்பும்போதே பாதி வேர் அறுந்துவிடும். வீட்டில் நட்டதும் இலை வாடி, தண்டு காய்ந்து நிற்கும்.

இன்னொரு காரணம் எங்கள் ஊருக்கே உரியது. மிதிவெடி அகற்றும் வேலை முடியாத, எச்சரிக்கைப் பலகை நிற்கும் எந்தக் காணிக்குள்ளும் விதைக்காகக்கூடக் கால் வைக்காதீர்கள். முகமாலைப் பக்கம் அந்த வேலை எவ்வளவு காலம் நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை விழுந்து கிடந்தாலும், பற்றை மூடியிருந்தாலும் அதே கதைதான். ஆட்கள் நாளாந்தம் நடமாடும் கோயில் வளவு, பழைய குடிமனைகளின் எல்லை, உறவுக்காரரின் காணி, இவற்றில் பழம் தேடினால் போதும்.

விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

பழம் நன்றாகக் கறுத்த பிறகு பறியுங்கள். ஆடி ஆவணியில் தேடிப் பாருங்கள். கொண்டைக்குருவிகளுக்கு அந்தப் பழம் பிடிக்கும், பிந்தினால் வெறும் காம்புதான் மிஞ்சும். ஒரு பழத்தில் ஒன்றோ இரண்டோ விதை இருக்கும்.

சதையைத் தண்ணீரில் பிசைந்து கழுவி எடுங்கள். சதையோடு போட்டால் எறும்பும் பூஞ்சணமும் வரும். கழுவிய விதையை நிழலில் ஒருநாள் உலரவிட்டு உடனே போடுங்கள். போத்தலில் அடைத்து அடுத்த வருடத்துக்கு என்று வைத்தால் முளைப்பது குறைந்துவிடும்.

மேல்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ ஒரு பங்கு. பொலித்தீன் பையின் அடியில் நாலைந்து துளை. விதையை அதன் பருமனளவு ஆழத்தில் வைத்து மேலே கொஞ்சம் உமிச்சாம்பல் தூவுங்கள். நிழலில், எறும்பு ஏறாத மேடையில் வையுங்கள். மண் காயவும் கூடாது, சேறாகவும் கூடாது. முளை ஒரே நாளில் வராது. சில பைகளில் ஒரு மாதத்துக்குள் தலை காட்டும், சில இரண்டு மாதம் எடுக்கும். வரவில்லை என்று பையைக் கிண்டிப் பார்ப்பவர்கள்தான் பாதி விதையைக் கெடுக்கிறார்கள்.

முளைத்த கன்று அந்த மாரிக்கு நிலத்தில் இறங்காது, அது விரலளவுதான் இருக்கும். ஒரு வருடம் பையிலேயே நிழலில் வைத்து வளர்த்து, அடுத்த ஐப்பசியில் நடுங்கள். இது பலருக்குப் பிடிக்காத பதில் என்று தெரியும்.

தடி வெட்டி ஊன்றினால் வராதா?

வரும், ஆனால் பூவரசங் கதியால் மாதிரி வேலியில் குத்திவிட்டுப் போக முடியாது. முழுக்க முற்றாத, முழுக்க இளசும் அல்லாத, பென்சில் தடிப்புக் கொப்பாகத் தெரிவு செய்யுங்கள். அரையடி நீளம் போதும், கணுவுக்குக் கீழே வெட்ட வேண்டும். மேலே இரண்டு இலையை வைத்து அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். மணலும் தும்புத்தூளும் சமமாகக் கலந்த பையில் ஊன்றி, மேலே ஒரு பிளாஸ்ரிக் போத்தலைக் கவிழ்த்து ஈரம் பிடிக்க விடுங்கள். வேர் விடச் செய்யும் வேர்ப்பொடி கிடைத்தால் தொட்டு வைப்பது நல்லது. மாரியில் செய்தால் பிழைப்பது கூட, சோளகக் காற்றில் செய்தால் காய்ந்துபோகும்.

அவசரமில்லாதவர்களுக்குக் கொப்பிலேயே மண் வைத்துக் கட்டும் பதியம் இதைவிட நம்பிக்கையானது. அதில் தாய்ச்செடி வேர் வரும்வரை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்.

எந்த மண்ணில், எந்த இடத்தில் நடலாம்?

வவுனியா, மாங்குளம், புளியங்குளம் பக்கத்துச் செம்மண்ணும் கபிலச் செம்மண்ணும் போதும், அதில் வேறொன்றும் சேர்க்கத் தேவையில்லை. முல்லைத்தீவுக் கரையோர மணலில் குழிக்கு இரண்டு வாளி மக்கிய எரு போடுங்கள். கடற்காற்று நேரே அடிக்கும் இடத்தைத் தவிருங்கள். முருங்கன் பக்கக் கறுப்புக் களிதான் சிக்கல். மாரியில் ஊறிப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் வெடித்து வேரை அறுக்கும். அங்கே ஒன்றரை அடி உயரத்துக்கு மேடு போட்டு நட வேண்டும்.

வயலோரப் பள்ளமும் குளத்துக்குக் கீழான கசிவு நிலமும் வேண்டாம். மார்கழியில் ஒரு கிழமை தண்ணீர் தேங்கினால் இளங்கன்றின் வேர் அழுகும்.

வெளிச்சம்: காலை வெயில், மத்தியானத்துக்குப் பிறகு நிழல். மாமரத்துக்கோ வேம்புக்கோ கிழக்குப் பக்கம் நல்ல இடம். முழு நிழலில் செடி உயிரோடு இருக்கும், ஆனால் நெட்டையாகப் போகும், பூ குறையும். முழு வெயிலிலும் பெரிய செடி தாங்கும், இலை மட்டும் சிறுத்து வெளிறும்.

எப்போது நடுவது?

ஐப்பசியில், நல்ல மழை இரண்டு விழுந்த பிறகு. வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையில்தான் விழுகிறது. காலபோக வயல் விதைக்கும் அதே காலத்தில் செடியையும் நட்டுவிடுங்கள். தை மாதம் நட்டால் வேர் இறங்குவதற்குள் மழை போய்விடும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி. மேல்மண்ணையும் ஒரு வாளி எருவையும் கலந்து நிரப்புங்கள். பையில் இருந்த மட்டத்துக்கே நடுங்கள், தண்டைப் புதைக்காதீர்கள். பொலித்தீனைக் கிழித்து எடுத்துவிட்டுத்தான் நட வேண்டும். இதையும் சொல்ல வேண்டுமா என்று நினைக்காதீர்கள், பையோடு புதைத்த கன்றுகள் ஊரில் நிறைய உண்டு.

நட்டுவிட்டேன். இனி எவ்வளவு தண்ணீர்?

இந்தக் கேள்விக்குத்தான் மற்ற எல்லாவற்றையும் விடக் கவனம் வேண்டும். வன்னியில் கன்று சாவது நடும்போது அல்ல, நட்ட பின் வரும் முதல் கோடையில். மாரியில் தளதளவென்று நிற்கும், தையில் புது இலை விடும், பங்குனியில் வீட்டுக்காரருக்குப் பெருமை. பிறகு வைகாசியில் சோளகம் எழும்பும். அந்தக் காற்றுக்கு ஈரமே கிடையாது. புரட்டாதி வரை இலையிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மேல்மண் ஓரடி ஆழத்துக்குச் சாம்பலாகக் காயும். முதல் வருடக் கன்றின் வேர் பெரும்பாலும் அந்த ஓரடிக்குள்தான் இருக்கிறது.

அதனால் செய்ய வேண்டியது வேரைக் கீழே இறக்குவது. தினமும் ஒரு கோப்பை ஊற்றாதீர்கள். அது மேல்மண்ணை மட்டும் நனைத்து, வேரையும் மேலேயே வைத்திருக்கும். மாசி முதல் கிழமைக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி, அதாவது பத்து லீற்றர் அளவில், மெதுவாக. கன்றைச் சுற்றி இரண்டடி அகலத்தில் பாத்தி கட்டினால் தண்ணீர் ஓடாது. வைகாசிக்குப் பிறகு மணல் நிலத்தில் மூன்று தடவை ஆக்கலாம். பின்னேரம் ஊற்றுவது நல்லது.

அடியில் மூட்டம் போடுங்கள்: வைக்கோல், காய்ந்த இலை, தென்னந்தும்பு எதுவானாலும். நாலு விரல் தடிப்பு. ஆனால் தண்டில் முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். இல்லையென்றால் கறையான் மூட்டத்துக்கு வந்து அப்படியே தண்டில் ஏறும். மேற்குப் பக்கமும் தெற்குப் பக்கமும் இரண்டு கிடுகை நட்டு மறைத்தால் பாதிக் கவலை போய்விடும். வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் பயன்படுத்தலாம், சோடா கலந்த சலவைத் தண்ணீரை வேண்டாம்.

இலை தொங்கினால் உடனே பயப்படாதீர்கள். மத்தியானம் தொங்கி, பொழுது பட நிமிர்ந்தால் செடி தன்னைக் காத்துக்கொள்கிறது. காலையிலும் தொங்கி நின்றால்தான் தண்ணீர் தேவை. இரண்டாம் கோடையில் கிழமைக்கு ஒரு வாளி. மூன்றாம் கோடையில் விட்டுவிடலாம்.

என்ன பசளை போடுவது?

மாரி தொடங்கும்போது ஒரு வாளி மக்கிய எரு, அவ்வளவுதான். யூரியா போட்டால் இலை கொழுக்கும், பூ வராது.

இலையெல்லாம் கறுப்புப் புள்ளி. மருந்து அடிக்கலாமா?

அடிக்காதீர்கள்! முன்பே சொன்ன அடையாளம்தான் அது, நோய் அல்ல. அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு முடிச்சு, அதற்குள் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை வெளியிலிருந்து வந்து தொற்றியவை அல்ல. செடியின் நுனி மொட்டிலேயே வாழ்ந்து, இலை விரியும்போது இலைக்குள் போய், பூ உருவாகும்போது விதைக்குள்ளும் போய், அடுத்த தலைமுறைக்கும் கூடவே போகின்றன. இதேபோல இலைமுடிச்சு வைத்திருக்கும் வேறு செடிகளில் அந்தப் பற்றீரியாவை நீக்கி வளர்த்துப் பார்த்தபோது, கன்றுகள் குறண்டிப்போய் வளர்ச்சி நின்றுவிட்டன. ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாத உறவு அது.

ஒரு காலத்தில் இந்தப் பற்றீரியா காற்றிலிருந்து நைதரசனைப் பிடித்துக் கொடுக்கிறது, அதனால்தான் பாவட்டங் குழை வயலுக்கு நல்லது என்று ஆய்வாளர்கள் நம்பினார்கள். பிந்திய ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. குழை நல்ல பசளைதான், காரணம் மட்டும் வேறு: எந்தப் பச்சை இலையும் மண்ணில் தாழ்த்தினால் உக்கிச் சத்தாகும். எங்கள் ஆட்கள் காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள்.

நோய்ப் புள்ளியை எப்படிப் பிரிப்பது? அது காய்ந்த மண்ணிறத்தில், சுற்றிவர மஞ்சள் வளையத்தோடு, நாளுக்கு நாள் பெரிதாகும். நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டையும் விழலாம். மாரியில் காற்றோட்டம் இல்லாத இடத்தில் வரும். அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிட்டு, கொப்பை ஐதாக்கினால் போதும்.

புழு, பூச்சி வந்தால்?

வாலில் கொம்பு வைத்த தடித்த பச்சைப் புழு ஒன்று வரும். ஒரே இரவில் ஒரு கொப்பை மொட்டையாக்கும். அது பளிங்குச் சிறகுள்ள ஓர் அந்துப்பூச்சியின் புழு. அந்த அந்துப்பூச்சி பகலில் பறந்து, பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும், பார்ப்பவர்கள் வண்டு என்றே நினைப்பார்கள். கோப்பியிலும் கந்தராசன் பூச்செடியிலும் அதே புழுதான். பெரிய செடியென்றால் விட்டுவிடுங்கள், திரும்பத் தளிர்க்கும். சிறு கன்றென்றால் கையால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். கடிக்காது.

வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டும் மாப்பூச்சிக்கும் செதிற்பூச்சிக்கும் சவர்க்காரத் தண்ணீரோ வேப்பெண்ணெய்க் கரைசலோ காலையில் தெளியுங்கள். எறும்பு வரிசையாக ஏறுகிறதென்றால் அங்கே இவை இருக்கின்றன என்று அர்த்தம்.

எப்போது கவாத்து வெட்டுவது?

பூ உதிர்ந்ததும், உடனே. பாவட்டை கொப்பின் நுனியில்தான் பூக்கும். மாரிக்குப் பிறகு, தையிலோ மாசியிலோ முற்றத்தைத் துப்புரவாக்குகிறேன் என்று நுனிகளை வெட்டினால் அந்த வருடப் பூவை வெட்டிப் போடுகிறீர்கள். விதை வேண்டுமென்றால் இரண்டு மூன்று கொத்தை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். மூன்றிலொரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் குறைக்க வேண்டாம்.

நாலு வருடமாகியும் பூக்கவில்லையே?

விதைக் கன்று பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வருடத்தில் முதல் பூவைக் காட்டும். அதற்கு மேலும் பிந்தினால் காரணம் அனேகமாக மூன்றில் ஒன்று: நிழல் கூடிவிட்டது, எரு கூடிவிட்டது, அல்லது யாரோ தவறான மாதத்தில் வெட்டுகிறார்கள். முதலில் வீட்டில் கத்தி பிடிப்பவரை விசாரியுங்கள்.

ஆடு மாடு தின்னுமா?

இளங்கன்றை ஆடு விடாது. எந்தத் தளிரையும் அது ஒருமுறை கடித்துப் பார்க்கும். கட்டாக்காலி மாடு தின்பதை விட மிதித்து முறிப்பதுதான் கூட. முதல் இரண்டு வருடம் முள்ளுக்கொப்போ வலையோ சுற்றிவையுங்கள். தென்னாபிரிக்காவில் பாவட்டை இனத்தின் வேறு சில செடிகளைத் தின்ற மாடு ஆடுகளுக்கு இதய நோய் வருவது நன்கு அறியப்பட்டது. எங்கள் செடி அந்த இனத்தில் வேறு வகைதான், என்றாலும் தீவனமாக வெட்டிப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள்.

மணத்துக்குப் பாம்பு வரும் என்கிறாரே அம்மம்மா?

அம்மம்மா சொன்னதில் பாதி உண்மை. பாம்பு மணத்துக்கு வராது. எலியும் தவளையும் ஒளிக்க இடம் இருந்தால் அவற்றைத் தேடி வரும். பாவட்டையை அடியிலிருந்தே பற்றையாக விட்டால் அந்த இடம் உண்டாகிவிடும். நிலத்திலிருந்து ஓரடிக்குக் கொப்பில்லாமல் துப்புரவாக வைத்திருங்கள், கல்லும் விறகும் அதன் கீழ் குவிக்காதீர்கள். அம்மம்மாவிடம் இதைச் சொல்லும்போது முதல் பாதியிலிருந்து தொடங்க வேண்டாம்.

இலையை மருந்துக்குப் பயன்படுத்தலாமா?

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு வேம்பு, நொச்சி, ஆமணக்கு இலைகளோடு பாவட்டை இலையும் போட்டு அவித்த தண்ணீரில் குளிக்க வார்ப்பது இன்றும் நடக்கிறது. உடம்பு நோவுக்கு ஒத்தடமாகவும் இலையை வாட்டி வைப்பார்கள். வெளியே பயன்படுத்துவதோடு நிறுத்துங்கள். வேரை அவித்துக் குடிப்பது போன்றவற்றை அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பிச் செய்யாமல் சித்த வைத்தியரிடம் கேளுங்கள். மாப்பூச்சிக்கு மருந்து தெளித்த செடியென்றால் இரண்டு கிழமைக்கு இலை பறிக்காதீர்கள்.

சாடியில் வளருமா? கனடாவுக்கு விதை அனுப்பலாமா?

பதினாறு அங்குலச் சாடியில் நாலடி உயரத்துக்கு வளர்க்கலாம். கோடையில் தினமும் தண்ணீர் வேண்டும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மண் மாற்ற வேண்டும். அடித்துளை அடைபடாமல் ஓட்டுத் துண்டு வையுங்கள்.

உறைபனியை இந்தச் செடி தாங்காது. அங்கே வளர்த்தால் பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள், வெளிச்சமான யன்னலோரத்தில்தான் வைத்திருக்க வேண்டும். விதை அனுப்புவதற்கும் அந்த நாட்டுத் தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகள் உண்டு. கடித உறைக்குள் போட்டு அனுப்பாமல் முதலில் அனுமதியைக் கேட்கச் சொல்லுங்கள்.

வேலியாக நட்டால் எத்தனை அடி இடைவெளி?

மூன்றடி. தனிச் செடியாக நிற்பதென்றால் ஆறடி விடுங்கள். பாவட்டையை மட்டும் நட்டு வேலி அடைக்க முடியாது, அதற்கு முள் இல்லை, மாடு நெஞ்சால் தள்ளிக்கொண்டு வரும். வெளிப்பக்கம் கிளுவைக் கதியால் போட்டுக் கம்பி அடித்து, உள்பக்கம் ஒரு வரிசை பாவட்டை நடுங்கள். கிளுவையை ஆண்டுதோறும் நெஞ்சளவுக்குத் தறித்துவிட்டால்தான் உள்வரிசைக்கு வெயில் விழும். தறித்த கிளுவைத் தடிகளை அடுத்த பக்க வேலிக்கு வைத்துக்கொள்ளலாம்.